சோமாலியில் தொடங்கிப் பொருண்மையியலுக்கு: ஜான் சயீத் நடந்த வழி

மொழியியல் படிக்க வரும் மாணவர்கள், மொழியில் பொருள் எப்படி அமைகிறது என்று ஆராயும் பொருண்மையியலுக்கு முதலில் கையில் எடுக்கும் பாடநூல்களில் ஒன்று ஜான் சயீத் எழுதியது. பிளாக்வெல் பதிப்பகம் 1997இல் வெளியிட்ட அந்த நூலுக்குப் பெயரும் பொருண்மையியல்தான். பிறகு பலமுறை திருத்தப்பட்டுப் புதிய பதிப்புகளாக வந்தது. சொல்லின் பொருள் எங்கே இருக்கிறது, வாக்கியம் உண்மையாவது எப்படி, பேச்சு எப்படிச் செயலாகிறது என்று படிப்படியாகப் போகும் அந்தப் புத்தகத்தின் பக்கங்களில், ஆங்கில எடுத்துக்காட்டுகளுக்கு நடுவே சோமாலி வாக்கியங்கள் வந்துகொண்டே இருக்கும். அதைப் படிக்கும் மாணவர்கள் பலருக்கு வாழ்நாளில் கண்ணில் படும் முதல் சோமாலி வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

அந்த வாக்கியங்கள் அங்கே வந்து சேர்ந்ததற்குப் பின்னால் ஒரு மனிதரின் முழுப் பணிவாழ்க்கை இருக்கிறது. லண்டனில் உள்ள கீழைத்தேய ஆப்பிரிக்கக் கல்வி நிறுவனத்தில் சோமாலித் தொடரியலை, அதாவது அதன் வாக்கிய அமைப்பை, ஆராய்ந்தவர் சயீத். அந்த ஆய்வு 1984இல் ஹாம்பர்க்கில் நூலாக வந்தது. 1987இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் சோமாலிக்கு, தேவைப்படும்போது புரட்டிப் பார்க்க ஓர் இலக்கண நூல், 1993இல் அதன் இரண்டாம் பதிப்பு, 1999இல் ஜான் பெஞ்சமின்ஸ் வெளியீடாக இன்னொரு விரிவான இலக்கணம். இவற்றுக்கு நடுவில்தான் பொருண்மையியல் பாடநூல். பணியிடம் டப்ளினின் டிரினிட்டி கல்லூரி. பிறகு, அதே கல்லூரியைச் சேர்ந்த லொரெய்ன் லீசனுடன் சேர்ந்து அயர்லாந்தின் சைகைமொழி பற்றி ஒரு நூல், 2012இல். பட்டியலாகப் பார்த்தால் தாவித் தாவிப் போனது போலத் தெரியும். ஒரே கேள்வியை மூன்று இடங்களில் கேட்டிருக்கிறார் என்பதே என் எண்ணம். பேசுகிறவர் ஒரு செய்தியில் எதைக் கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்ததாக வைக்கிறார், எதைப் புதிதாகக் கொடுக்கிறார், அதை மொழி எப்படிக் காட்டுகிறது? இதுவே அந்தக் கேள்வி.

இந்தக் கேள்வியைக் கேட்க சோமாலியைப் போல வசதியான மொழி குறைவு. சோமாலி ஆப்பிரோ-ஆசிய மொழிக்குடும்பத்தின் குஷிட்டிக் கிளையைச் சேர்ந்தது. சோமாலியா, ஜிபூட்டி, எத்தியோப்பியாவின் சோமாலிப் பகுதி, கென்யாவின் வடகிழக்கு என்று நான்கு நாடுகளில் பரவியிருக்கிறது. இந்த மொழியில், முதன்மை வாக்கியம் ஒரு செய்தியைச் சொல்கிறதென்றால் அதில் ஓர் இடைச்சொல் வந்தே தீர வேண்டும். பா, அயா, வா, வஹா என்பவை அவற்றில் முக்கியமானவை. தமிழ் எழுத்தில் இவற்றின் ஒலியை நெருங்கத்தான் முடியும். ‘வஹா’வில் வரும் ஹகரம் தொண்டையின் ஆழத்திலிருந்து எழும் ஒலி.

‘அலி வூ யிமித்’ என்றால் அலி வந்தான். இதிலுள்ள ‘வூ’ என்பது ‘வா’வும் ‘அவன்’ என்ற பொருளுள்ள ‘ஊ’வும் சேர்ந்தது. ‘அலி பா யிமித்’ என்றாலும் வந்தது அலிதான், ஆனால் இந்த வாக்கியம் ‘யார் வந்தது?’ என்ற கேள்விக்குப் பதில். வாழைப்பழத்தை வைத்துச் சொன்னால், ‘அலி பா மோஸ் உனய்’ என்பது ‘வாழைப்பழம் சாப்பிட்டது அலி’. ‘அலி மோஸ் பூ உனய்’ என்பது ‘அலி சாப்பிட்டது வாழைப்பழம்’. ‘பா’ என்பது தனக்கு முன்னால் உள்ள பெயரைக் கேட்பவர் முன் தூக்கி வைக்கிறது. மொழியியலாளர்கள் அந்த இடத்தைக் குவிமையம் என்கிறார்கள்.

தமிழருக்கு இது முற்றிலும் புதிதல்ல. தானும் ஏகாரமும் செய்யும் வேலையில் ஒரு பங்கு இது. வேறுபாடு எங்கே என்றால், தமிழில் ‘தான்’ போடுவது பேசுபவர் விருப்பம். ‘அலி வந்தான்’ என்று வெறுமனே சொல்லிவிட்டுப் போகலாம். சோமாலியில் அப்படிப் போக முடியாது. ஒவ்வொரு முறை செய்தி சொல்லும்போதும், எது புதிது என்று பேசுபவர் தேர்ந்தெடுத்து இலக்கணத்தில் காட்டியாக வேண்டும். ஒரு முதன்மை வாக்கியத்தில் அப்படி ஒரு தேர்வுக்குத்தான் இடம். சார்புத் தொடர்களில் இந்த இடைச்சொற்கள் வருவதில்லை. ஆங்கிலத்தில் குரலை உயர்த்திச் சொல்வதோடு முடியும் ஒன்று இங்கே தொடரமைப்பின் நடுத்தூணாக நிற்கிறது.

அந்தத் தேர்வு வாக்கியத்தின் மற்ற உறுப்புகளையும் அசைக்கிறது. ‘அந்த ஆள் வந்தான்’ என்று பொதுவாகச் சொன்னால் எழுவாய் ‘நின்கு’ என்று எழுவாய்க்குரிய வடிவத்தில் இருக்கும். அதே ஆளைக் குவிமையத்தில் வைத்தால் ‘நின்க பா யிமித்’. எழுவாய்க்குரிய உகரம் போய்விடுகிறது. வினைமுற்றும் மாறும். ‘அந்த ஆண்கள் வந்தார்கள்’ என்பதற்கு ‘யிமாத்தேன்’ என்று பன்மை வடிவம் இருக்கிறது. ஆண்களைக் குவிமையத்தில் வைத்தால் ‘நிமன்கீ பா யிமித்’ என்று ஒருமை வடிவமே வரும். எழுவாயோடு வினை கொள்ளும் இயைபு பெரும்பாலும் சுருங்கிவிடுகிறது. இதே சுருக்கத்தைச் சோமாலியின் பெயரெச்சத் தொடர்களிலும் பார்க்கலாம்.

தமிழில் ‘நான் வந்தேன்’ என்பதை ‘வந்தது நான்தான்’ என்று மாற்றிப் பாருங்கள். தன்மை விகுதி போய் ‘வந்தது’ என்ற அஃறிணை வடிவம் நிற்கிறது. நான், நீ, அவர்கள் யார் வந்தாலும் அதே ‘வந்தது’. இரண்டு மொழிகளுக்கும் உறவில்லை, ஒன்றிடமிருந்து மற்றொன்று கடன் வாங்கவும் இல்லை. இருந்தும் குவிமையம் வந்ததும் வினை தன் இயைபை இழப்பது இரண்டிலும் நடக்கிறது. செய்தியை ‘தெரிந்தது, தெரியாதது’ என்று பிளக்கும் வேலைக்கும், வினை எழுவாயைப் பின்பற்றும் இயந்திரத்துக்கும் ஏதோ ஆழமான தொடர்பு இருக்கிறது என்று சந்தேகிக்கத் தோன்றும் இடம் இது. பொருளைப் படிக்கிறவர் தொடரியலையும் விடாமல் படிக்க வேண்டியிருப்பது இதனால்தான். சயீத்தின் முதல் நூல் இந்தச் சந்திப்பில்தான் நிற்கிறது.

‘வா’ கதை இன்னும் சிக்கலானது. ‘பா’ பெயரைத் தூக்கிக் காட்டுவதால், ‘வா’ வினையைத் தூக்கிக் காட்டுகிறது என்று ஒரு கட்சி. அது எதையும் தூக்கிக் காட்டவில்லை, இது செய்தி வாக்கியம் என்று அடையாளம் மட்டும் இடுகிறது என்று இன்னொரு கட்சி. இது சொற்போர் இல்லை. வினாவுக்கும் ஏவலுக்கும் விருப்பத்துக்கும் சோமாலி தனித்தனி இடைச்சொற்களையோ வடிவங்களையோ வைத்திருக்கிறது. ‘வா’வை அந்த வரிசையில் சேர்த்தால் வாக்கிய வகைகளின் அமைப்பு முழுவதும் ஒரு ஒழுங்குக்குள் வருகிறது. சேர்க்காவிட்டால் குவிமையத்தின் அமைப்பு சமச்சீராகிறது. எந்த ஒழுங்கை விட்டுக்கொடுப்பது என்பதுதான் விவாதம்.

இப்படிப்பட்ட விவாதத்தைத் தீர்க்க ஆய்வாளர் என்ன செய்வார்? ‘பா’வுக்கு என்ன பொருள் என்று சோமாலி பேசுகிறவரிடம் கேட்டால் பதில் வராது. நம்மிடம் ‘தான்’ என்பதற்கு என்ன பொருள் என்று கேட்டால் நாமும் விழிப்போம். எனவே சூழலைத்தான் கொடுக்க வேண்டும். ‘யார் வந்தது?’ என்று கேட்டுவிட்டு, ‘அலி வூ யிமித்’ என்று பதில் சொல்லலாமா என்று பார்க்க வேண்டும். பொருந்தவில்லை என்று முகம் சுளித்தால் அது ஒரு தரவு. ‘என்ன நடந்தது?’ என்று கேட்டு அதே இரண்டு வாக்கியங்களையும் மீண்டும் வைக்க வேண்டும். ஒருவர் சொன்னதை மறுக்கும்போது எது வருகிறது, கதை தொடங்கும்போது எது வருகிறது என்று அடுக்கிக்கொண்டே போக வேண்டும். பிறகு கதைகளிலும் வானொலிச் செய்தியிலும் அது தானாக எப்படி நடக்கிறது என்று சரிபார்க்க வேண்டும். நீளமான ஒன்றைக் குவிமையத்தில் வைக்க விரும்பும் சோமாலிப் பேச்சாளர் ‘வஹா’வை முன்னால் போட்டுவிட்டு, சொல்ல வேண்டியதை வினைக்குப் பின்னால் வாக்கியத்தின் கடைசியில் வைப்பார். அறிவிப்புகளிலும் பேட்டிகளிலும் இந்த அமைப்பு ஏராளம். பொருண்மையியலாளரின் அன்றாட வேலையில் பெரும்பகுதி இந்தப் பொறுமையான சூழல் வைப்புதான். தருக்கக் குறியீடுகள் அதற்குப் பிறகு வருபவை.

குவிமையம் ஒன்றோடு சோமாலியின் செல்வம் முடியவில்லை. வினைகளில் ஒரு வகை, செயலைச் செய்கிறவர் தனக்காகவே செய்வதைக் காட்டுகிறது. ‘காத்’ என்றால் எடு, ‘காதோ’ என்றால் எடுத்துக்கொள். நம் ‘கொள்’ துணைவினை செய்யும் வேலையை அங்கே ஒரு விகுதி செய்கிறது. ‘ஈபி’ என்றால் விற்பது, அதே வினையைத் தனக்காகச் செய்யும் வடிவமான ‘ஈப்ஸோ’ என்றால் வாங்குவது. செயலில் யார் கொடுக்கிறார், யார் பெறுகிறார், பயன் யாருக்கு என்று பாத்திரங்களைப் பகுப்பது பொருண்மையியலின் அடிப்படைப் பாடங்களில் ஒன்று. அந்தப் பாடத்தில் சயீத் சோமாலிக்கு ஏன் திரும்பித் திரும்பி வருகிறார் என்பது இங்கே புரியும்.

வேற்றுமைப் பொருளைக் காட்டும் உருபுகளும் சோமாலியில் பெயரோடு ஒட்டாமல் வினைக்கு முன்னால் போய் நிற்கின்றன. ‘உ’, ‘கு’, ‘க’, ‘ல’ என்ற நான்கு சிறு துகள்கள், நமது மூன்றாம், நான்காம், ஐந்தாம், ஏழாம் வேற்றுமைகளின் வேலைகளில் பலவற்றைப் பகிர்ந்துகொள்கின்றன. இரண்டு சேர்ந்தால் ‘உக’, ‘குல’ என்று உருகி ஒன்றாகும். எந்தத் துகள் எந்தப் பெயருக்கு உரியது என்பதைக் கேட்பவர் பொருளைக் கொண்டுதான் பிரித்தறிய வேண்டும்.

‘நாம்’ என்பதற்கும் ‘நாங்கள்’ என்பதற்கும் தனித்தனிச் சொல் சோமாலியிலும் உண்டு. ஆங்கிலத்தில் பொருண்மையியல் படிக்கும் மாணவருக்கு இந்த வேறுபாட்டைத் தனியே விளக்க வேண்டும். தமிழ் மாணவருக்கு வேண்டாம்.

இத்தனையும் ஒருவர் கண்டுபிடித்ததில்லை. லண்டனின் அந்த நிறுவனத்தில் சோமாலிப் படிப்புக்கு வேர் ஊன்றியவர் போகுமில் அன்ஜெயெவ்ஸ்கி. 1922இல் போலந்தில் பிறந்து, போர்க்காலத்தில் நாட்டை விட்டு வந்து, பிரிட்டனில் மொழியியலாளரானவர். அக்காலத்துப் பிரிட்டிஷ் சோமாலிலாந்துக்குப் போய், மூஸா கலால் என்ற சோமாலி அறிஞரோடு கவிதைகளையும் கதைகளையும் திரட்டினார். அதற்கும் முன்னால், 1934இலேயே, லண்டனின் ஒலியியலாளர் லிலியஸ் ஆம்ஸ்ட்ராங் சோமாலியின் தொனிகளை விளக்கி எழுதியிருந்தார். ‘இனன்’ என்ற சொல்லில் முதல் அசை உயர்ந்தால் பையன், இரண்டாம் அசை உயர்ந்தால் பெண்பிள்ளை. இந்தத் தொனி ஏற்ற இறக்கம் பாலையும் எண்ணையும் எழுவாயையும் காட்டுகிறது என்பதை ஆய்வாளர்கள் அடுத்தடுத்து அவிழ்த்தார்கள். தனியொருவரின் பணி என்று நாம் சொல்வதற்கு அடியில் இப்படி இரண்டு மூன்று தலைமுறை இருக்கிறது. கதை சொன்ன, வாக்கியத்துக்குத் தலையாட்டிய, முகம் சுளித்த எண்ணற்ற சோமாலிகள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் பெயர் நூல்களின் முன்னுரை நன்றியுரையோடு நின்றுவிடுகிறது. அது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

சயீத் ஆய்வைத் தொடங்கிய காலம் சோமாலிக்கு மிக நல்ல காலம். எந்த எழுத்தில் எழுதுவது என்று நெடுங்காலம் நீடித்த சண்டை 1972 அக்டோபரில் முடிந்தது. அரபு எழுத்துக்கு ஒரு தரப்பு, 1920களில் உஸ்மான் யூசுப் கெனடித் உருவாக்கிய உஸ்மானியா எழுத்துக்கு ஒரு தரப்பு என்று இருந்த நிலையில், சோமாலியாவை அப்போது ஆண்ட ராணுவத் தலைவர் சியாத் பர்ரேயின் அரசு லத்தீன் எழுத்தைத் தேர்ந்தது. ஷிரே ஜாமா அகமதுவின் திட்டமே அதற்கு அடிப்படை. தட்டச்சு இயந்திரத்தில் ஏற்கெனவே உள்ள எழுத்துகளுக்கு அப்பால் போகாமல், தொண்டை ஒலிகளுக்குக்கூட அவற்றிலிருந்தே எழுத்துகளை ஒதுக்கினார்கள். அதிகாரிகள் சில மாதங்களில் கற்றுக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு. 1974இல் பள்ளி மாணவர்களும் ஆசிரியர்களும் ஆயிரக்கணக்கில் நாட்டுப்புறத்துக்கு அனுப்பப்பட்டு, மேய்ச்சல் மக்களுக்கு எழுத்தறிவித்தார்கள். செய்தித்தாள், பாடநூல், அரசு ஆணை என்று ஒரு பத்தாண்டுக்குள் உரைநடை பெருகியது. சோமாலி ஆய்வுக்கான முதல் பன்னாட்டு மாநாடு 1980இல் மொகடிஷுவிலேயே நடந்தது.

எழுத்துமுறை ஒன்றை மட்டும் விட்டுவிட்டது: தொனி. அச்சில் பையனும் பெண்பிள்ளையும் ஒரே ‘இனன்’. சோமாலி அறிந்தவருக்கு அது தடையில்லை. சூழல் சொல்லிவிடும். ஆனால் பின்னால் சோமாலியைக் கணினிக்குள் கொண்டுவர முயல்கிறவர்களுக்கு, எழுதிய உரையில் எழுவாய் எது என்ற தடயத்தில் ஒரு பாதி காணாமல் போயிருக்கும். பேச்சொலியோடு சேர்ந்த தரவு ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் சொல்ல முடியாது.

1991 சனவரியில் அரசு சரிந்தது. உள்நாட்டுப் போரில் பல்கலைக்கழகமும் நூலகங்களும் அழிந்தன. மொழியைப் படிக்க நாட்டுக்குப் போவது பெரும்பாலோருக்கு நின்றுபோனது. மொழியோ உலகெங்கும் பரவியது. லண்டன், டொரொண்டோ, மினியாபொலிஸ் எனச் சோமாலிகள் பெருந்தொகையாக வாழும் நகரங்களே ஆய்வுக்களமாயின. சயீத்தின் இலக்கணத்தின் இரண்டாம் பதிப்பும் 1999 நூலும் வந்தது இந்தக் காலத்தில்தான். மருத்துவமனையிலும் நீதிமன்றத்திலும் பள்ளியிலும் மொழிபெயர்ப்பாளர்கள் தேவைப்பட்ட நாடுகளில், சோமாலிக்கு நம்பகமான இலக்கணம் இருப்பது ஆய்வுக்கூடத்துக்கு வெளியேயும் பயன்படும் பொருளாகிவிட்டது.

அதற்கு இன்னொரு முகமும் உண்டு. புகலிடம் கேட்டு வருகிறவர் உண்மையில் எந்தப் பகுதிக்காரர் என்று அவர் பேச்சை வைத்து முடிவு செய்யும் வழக்கம் ஐரோப்பிய நாடுகளில் பரவியது. சோமாலிகள் அதில் பெருமளவு சிக்கினார்கள். வடக்குச் சோமாலியே பொதுமொழிக்கு அடிப்படை. கடற்கரையின் பெனாதிர் வழக்கு வேறு. ஜுப்பா, ஷபெல்லே ஆறுகளுக்கு இடையில் பேசப்படும் மாய் தனிமொழி என்று சொல்லத்தக்க அளவு விலகியது. அந்தத் தொண்டை ஒலிகள்கூட மாயில் இல்லை. போரில் இடம்பெயர்ந்து முகாம்களில் வளர்ந்தவரின் பேச்சு எந்த வரைபடத்துக்குள்ளும் அடங்காது. 2004இல் மொழியியலாளர்கள் பலர் சேர்ந்து இத்தகைய பகுப்பாய்வுக்கு நெறிமுறைகளை வெளியிட்டார்கள். தகுதியுள்ள மொழியியலாளர்தான் செய்ய வேண்டும், முடிவில் எவ்வளவு உறுதி என்பதைச் சொல்ல வேண்டும், மொழியை வைத்து ஒருவர் எங்கே சமூகமயமானார் என்று சொல்லலாமே தவிரக் குடியுரிமையைத் தீர்மானிக்க முடியாது என்பவை அதன் சாரம். 2014இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றமே சோமாலி தொடர்பான இரண்டு வழக்குகளில் இந்த அறிக்கைகளுக்கு எவ்வளவு எடை தரலாம் என்று ஆராய வேண்டி வந்தது. ஓர் இடைச்சொல்லை யார் எப்படிச் சொல்கிறார் என்ற அறிவு ஒரு மனிதரைத் திருப்பி அனுப்பவும் பயன்படும் என்றால், அந்த அறிவை உருவாக்குகிறவர்களுக்குப் பொறுப்பு கூடுகிறது.

டப்ளினில் சயீத் பிறகு போன இடம் முதல் பார்வைக்குச் சோமாலியிலிருந்து வெகுதூரம். அயர்லாந்தின் சைகைமொழி, பேச்சு ஆங்கிலத்துக்கோ ஐரிஷுக்கோ கையால் போட்ட படியெடுப்பு இல்லை. பிரெஞ்சுச் சைகைமொழியோடு உறவுள்ள தனிமொழி அது. டப்ளினின் காப்ரா பகுதியில் செவித்திறன் அற்ற சிறுமிகளுக்கும் சிறுவர்களுக்கும் தனித்தனிப் பள்ளிகள் இருந்ததால், பெண்களுக்கும் ஆண்களுக்கும் வெவ்வேறு சைகைச் சொற்கள் வளர்ந்தன. முதியவர்களிடம் அந்த வேறுபாடு நெடுநாள் நீடித்தது. அயர்லாந்தின் பல பகுதிகளிலிருந்தும் சைகையாளர்களைப் படம்பிடித்துத் தொகுத்த தரவகம் ஒன்று டிரினிட்டி கல்லூரியில் உருவானது. லீசனும் சயீத்தும் எழுதிய நூல், அந்த மொழியை அறிதல்சார் மொழியியலின் வழியில், அதாவது மனம் உலகை அறியும் விதத்தோடு மொழியைச் சேர்த்துப் பார்க்கும் முறையில், விளக்குகிறது.

இங்கேதான் பழைய கேள்வி திரும்ப எழுகிறது. சைகைமொழியில் கை ஒன்றைச் சொல்லும்போதே முகம் இன்னொன்றைச் சொல்ல முடியும். எதைப் பற்றிப் பேசப்போகிறோமோ அதை முன்னால் வைத்து, புருவத்தை உயர்த்தி அடையாளமிட்டு, பிறகு அதைப் பற்றிய செய்தியைச் சைகை செய்வது இம்மொழியின் இயல்பு. சோமாலி ஒரு துகளால் செய்வதையும், தமிழ் இடைச்சொல்லாலும் சொல்வரிசையாலும் செய்வதையும், ஆங்கிலம் பெரும்பாலும் குரலால் செய்வதையும் இங்கே புருவம் செய்கிறது. பொருளை ஆராய்கிறவருக்கு ஒலி கட்டாயம் இல்லை என்பதும், தெரிந்ததைத் தெரியாததிலிருந்து பிரிப்பது எல்லா மொழிகளுக்கும் இருக்கும் தேவை என்பதும் ஒரே இடத்தில் தெரிகின்றன. இம்மொழிக்கு அயர்லாந்தில் சட்ட அங்கீகாரம் தந்த சட்டம் 2017இல் நிறைவேறி, 2020 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கான போராட்டம் செவித்திறன் அற்ற சமூகத்துடையது. இது முழு இலக்கணமுள்ள மொழி என்று ஆய்வுகள் காட்டியது அந்தப் போராட்டத்துக்குக் கைகொடுத்திருக்கும்.

ஒரு மொழியில் ஆழ ஊன்றினால் பொதுக் கோட்பாட்டுக்குப் போக முடியாமல் போய்விடும் என்று ஆய்வு மாணவர்களை எச்சரிக்கும் வழக்கம் பல துறைகளில் இருக்கிறது. அதை நான் ஏற்கவில்லை. குவிமையம் இலக்கணத்தில் கட்டாயமாக இருக்கும் ஒரு மொழியில் பல ஆண்டுகள் உழன்றதால்தான், ஆங்கிலத்தில் மட்டும் எடுத்துக்காட்டு தேடுகிறவருக்குத் தோன்றாத கேள்விகள் அந்தப் பாடநூலுக்குள் வந்தன. சூழலும் ஊகமும் பற்றிய இயலில் குவிமையம் வெறும் பேச்சு நடையாக ஒதுக்கப்படாமல் பொருளின் பகுதியாக நடத்தப்படுவதற்குச் சோமாலிதான் காரணம் என்று சொல்வேன். தமிழில் ‘தான்’, ‘ஏ’, ‘உம்’ மூன்றையும் இதே பொறுமையோடு சூழல் சூழலாக வைத்துப் பார்க்க முன்வருகிறவருக்கும் இதே வழி திறந்திருக்கிறது.

சோமாலி ஆய்வின் எடை இப்போது சோமாலிகள் பக்கம் நகர்ந்திருக்கிறது. அது முன்பே தொடங்கியதுதான். கவிதையின் யாப்பைக் கணக்கிட்டு 1970களின் நடுவில் செய்தித்தாளில் எழுதியவர் கவிஞர் மஹமத் ஹாஷி தமாஉ, காரிய்யே என்று அறியப்பட்டவர். கவிதை முழுவதும் வரிதோறும் ஒரே மோனை வர வேண்டும் என்ற விதியை எல்லாச் சோமாலிகளும் அறிவார்கள். அசைகளின் கணக்கை வெளிப்படையாக எழுதிக் காட்டியது அவரும் அப்துல்லாஹி தீரியே கூலெதும்தான். இத்தாலியில் அன்னரீத்தா புலியெல்லியோடு சேர்ந்து உழைத்த அப்தல்லா ஒமர் மன்சூர் மொகடிஷுவின் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர். இருவரும் தொகுத்த சோமாலி-சோமாலி அகராதியை 2012இல் ரோமா ட்ரே பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. சோமாலிச் சொற்களுக்குச் சோமாலியிலேயே பொருள் சொல்லும் பெரிய அகராதி அது.